டிஜிட்டல் பியானோவில் வாசிப்பைப் பதிவு செய்வதும் கேட்டுத் திருத்திக்கொள்வதும்

டிஜிட்டல் பியானோ வாங்கியவர்களில் பலர் அதிலுள்ள ‘ரெக்’ என்ற பதிவுப் பொத்தானைத் தொடுவதே இல்லை. ஒலி வகையை மாற்றுவது, தாளத்தைத் தட்டிக்காட்டும் மெட்ரோனோமை ஓடவிடுவது, ஒலியளவைக் கூட்டிக் குறைப்பது ஆகியவற்றோடு கருவியின் பொத்தான்களோடு அவர்களுக்குள்ள பழக்கம் நின்றுவிடுகிறது. வாசிக்கும்போது மனம் அடுத்த சுரத்தைத் தேடிக்கொண்டிருப்பதால், வாசித்து முடித்த சுரம் எப்படி ஒலித்தது என்பதை முழுமையாகக் கேட்க வாசிப்பவரால் இயலாது. ஆசிரியரிடம் வாரத்துக்கு ஒருநாள் மட்டும் செல்லும் மாணவர், மற்ற நாட்களில் தன் வாசிப்பைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்வதற்கு இந்தப் பொத்தானைவிடப் பயனுள்ள துணை வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆகவே பதிவு எப்படி நடக்கிறது, எந்த வகைப் பதிவை எப்போது கையாள வேண்டும், பதிவானதை எப்படிக் கேட்க வேண்டும் என்பவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பதிவு என்ற ஒரே பெயரில் இக்கருவியில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. மிடி (இசைக்கருவிகளும் கணினிகளும் வாசிப்புச் செய்திகளைப் பரிமாறும் தரநிலை) பதிவில் கருவி ஒலியைச் சேமிப்பதில்லை. எந்தக் கட்டை எப்போது அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது, பெடல் எப்போது மிதிக்கப்பட்டு எப்போது தூக்கப்பட்டது என்ற செய்திகளை மட்டும் வரிசையாகக் குறித்துக்கொள்கிறது. 1983-இல் வெளியான மிடி தரநிலையின்படி பியானோவின் 88 கட்டைகளுக்கு 21 முதல் 108 வரை எண்கள் உண்டு. நடு ‘சி’யின் எண் 60. கட்டை அழுத்தப்படும் வேகம் 1 முதல் 127 வரையிலான ஓர் எண்ணாகப் பதிகிறது. திரும்ப ஒலிக்கச் செய்யும்போது கருவி அந்தக் குறிப்புகளைப் படித்து, தன்னிடமுள்ள ஒலிகளைக் கொண்டு அந்த வாசிப்பைப் புதிதாக நிகழ்த்துகிறது. ஆடியோ பதிவில், வெளிவரும் ஒலி அலையே அளந்து எழுதப்படுகிறது. வழக்கமான வேவ் கோப்பு நொடிக்கு 44,100 முறை, 16 பிட் அளவில், இடம் வலம் என்ற இரண்டு தடங்களாக ஒலியை அளப்பதால், ஒரு நிமிட இசைக்கு ஏறத்தாழ 10 எம்பி இடம் தேவைப்படுகிறது. அதே ஒரு நிமிடத்தின் மிடி கோப்புக்குச் சில கேபி போதும்.

விரல்களின் செயலைப் பதிந்து, கருவியையே மீண்டும் வாசிக்கச் செய்யும் எண்ணம் கணினிக் காலத்துக்கு மிகவும் முந்தியது. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரத்தில் இயங்கிய வெல்டே நிறுவனம் 1904-இல் ‘வெல்டே-மின்யோன்’ என்ற அமைப்பை வெளியிட்டது. துளையிட்ட காகிதச் சுருளின் வழியாக, சுரங்களை மட்டுமல்லாமல் அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தையும் பெடலையும் அது திரும்பத் தந்தது. இசையமைப்பாளர் குஸ்டாவ் மாலர் 1905-இல் அதற்காக வாசித்தார்; மற்றோர் இசையமைப்பாளரான டெபுஸியும் பின்னர் வாசித்தார். மாலர் நடத்திய இசைக்குழுவின் ஒலிப்பதிவு ஒன்றும் நம்மிடம் இல்லாத நிலையில், அவர் விரல்களின் போக்கை இன்றும் ஒரு பியானோவில் கேட்க முடிவதற்கு அந்தச் சுருள்களே காரணம். இன்றைய மிடி கோப்பு அந்தக் காகிதச் சுருளின் வழித்தோன்றல்தான்.

எதற்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்பது இந்த வேறுபாட்டிலிருந்தே விளங்கிவிடும். பயிற்சிக்கு மிடி பதிவே சிறந்தது. அதன் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலும் சுருதி மாறாது, ஒலியின் தரமும் குன்றாது. இரு கைகளையும் தனித்தனித் தடங்களில் பதிந்திருந்தால், வலக்கையை நிறுத்திவிட்டு இடக்கையை மட்டும் கேட்கலாம். கிராண்ட் பியானோ ஒலியில் வாசித்ததை ஆர்கன் ஒலியில் கேட்கலாம். பிறருக்கு அனுப்புவதற்கு ஆடியோ பதிவு வேண்டும். மிடி கோப்பைப் பெறுபவரின் கைபேசியில் அது ஒலிக்காமலே போகலாம். ஒலித்தாலும், அந்தக் கைபேசியிலுள்ள ஏதோ ஒரு மெலிந்த பியானோ ஒலியில் கேட்குமே தவிர, உங்கள் கருவியின் ஒலியில் கேட்காது. விலை குறைந்த சில மாடல்களில் பதிவு வசதியே இராது என்பதால், வாங்கும் முன்பே விவரக் குறிப்பைப் பார்த்துவிடுவது நல்லது. அப்படிப்பட்ட கருவியிலும் யூஎஸ்பி வாயில் இருந்தால், கணினியிலோ கைபேசியிலோ உள்ள செயலியின் வழியாக மிடி பதிவைச் செய்துகொள்ளலாம்.

பதிவைத் தொடங்கும் முன் சிலவற்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கருவியை இயக்கும்போது பெடலின் மீது கால் இருக்கக்கூடாது. பல கருவிகள் இயங்கத் தொடங்கும் நொடியில் பெடல் இருக்கும் நிலையையே அதன் ஓய்வுநிலையாக எடுத்துக்கொள்வதால், அப்போது கால் அழுந்தியிருந்தால் பெடல் தலைகீழாக வேலை செய்யும். மிதித்தால் ஒலி அறுந்து, தூக்கினால் நீளும். கருவியோடு தரப்படும் சிறிய மிதிப் பலகை பெரும்பாலும் இரண்டு நிலைகளை மட்டுமே அறியும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பெடலைப் பாதியளவு மட்டும் மிதிக்கும் அரைப் பெடல் நுணுக்கங்கள் பதிவாக வேண்டுமானால், அதற்கு இடங்கொடுக்கும் கருவியும் தொடர்ச்சியாக அளவிடும் பெடலும் தேவை. இவற்றுக்குப் பின் ஒலி வகை, வேகம், தாள அளவு, கட்டைகளின் தொடு உணர்திறன் ஆகியவற்றை அமைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கருவிகளில் மெட்ரோனோமின் ஓசை பதிவில் சேராது என்பதால், அது ஓடிக்கொண்டிருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

பதிவுப் பொத்தானை அழுத்தியதும் அதன் விளக்கு சிமிட்டத் தொடங்கும். கருவி காத்திருக்கிறது என்பது அதன் பொருள். முதல் கட்டையை அழுத்திய நொடியிலிருந்து பதிவு தானாகவே தொடங்கும். இது வசதியானதுதான் என்றாலும், இதில் ஒரு சிக்கல் உண்டு. இப்படித் தொடங்கினால், நீங்கள் வாசிக்கும் முதல் சுரத்தையே முதல் தாள அளவின் (இசைக்குறிப்பில் இரண்டு தாளக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதியின்) முதல் அடியாகக் கருவி எடுத்துக்கொள்ளும். 3/4 தாளத்தில் மூன்றாவது அடியிலிருந்து எடுப்பாகத் தொடங்கும் ஓர் உருப்படியை இவ்வாறு பதிந்தால், பாட்டு முழுவதும் தாளக் கோடுகள் ஓர் அடி தள்ளியே விழும். கேட்பதற்கு மட்டுமானால் இதனால் தீங்கில்லை. ஆனால் அதன் மீது இரண்டாவது தடத்தை மெட்ரோனோமோடு சேர்த்து வாசிக்க முயலும்போது அழுத்தமான அடி தவறான இடத்தில் கேட்கும், பின்னர் கணினியில் திறந்து இசைக்குறிப்பாக மாற்றினாலும் எல்லாம் இடம் மாறித் தெரியும். இத்தகைய உருப்படிகளுக்கு, கட்டையை அழுத்தித் தொடங்காமல் தொடக்கப் பொத்தானை அழுத்தி, ஒரு தாள அளவை மெட்ரோனோமோடு எண்ணிவிட்டு, உரிய அடியில் நுழைவதே முறை.

முடிக்கும்போதும் அவசரம் கூடாது. கடைசிச் சுரம் முழுவதும் அடங்கி, பெடலிலிருந்து காலை எடுத்த பிறகே நிறுத்தும் பொத்தானை அழுத்துங்கள். இல்லையெனில் கேட்கும்போது அந்தச் சுரம் வெட்டுண்டதுபோல் முடியும். நிறுத்தியதும் சில கருவிகள் தாமாகவே நினைவகத்தில் எழுதிவைத்துக்கொள்ளும்; அவ்வாறு எழுதும் சில நொடிகளில் மின் இணைப்பைத் துண்டிக்கக்கூடாது. வேறு சில கருவிகளில், நாமே சேமிக்கும் கட்டளையைத் தராவிட்டால், அணைத்தவுடன் பதிவு அழிந்துவிடும். உங்கள் கருவி எந்த வகை என்பதை, இழந்தால் வருந்தாத ஒரு சிறு பதிவைச் செய்து, அணைத்து, மீண்டும் இயக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்வதே நம்பகமான வழி. பயன்பாடின்றி இருந்தால் தானாக அணைந்துகொள்ளும் அமைப்பும் இக்கருவிகளில் உண்டு. பலவற்றில் அது அரைமணி நேரத்துக்கே வைக்கப்பட்டிருக்கும் என்பதால், பதிந்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் சேமித்துவிட்டுப் போக வேண்டும். மின்வெட்டு அடிக்கடி நேரும் ஊர்களில், பியானோவின் அடாப்டரை இன்வெர்ட்டர் இணைப்பில் செருகி வைப்பது பாதுகாப்பானது. இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: ஒரே ஒரு பாட்டை மட்டும் வைத்துக்கொள்ளும் கருவிகளில் புதிய பதிவு பழையதை அழித்துவிட்டே எழுதப்படும், அழிந்ததை மீட்கும் வசதி பெரும்பாலும் இருப்பதில்லை.

இரண்டு தடங்கள் உள்ள கருவிகளில் வலக்கையையும் இடக்கையையும் தனித்தனியே பதியலாம். இடக்கையை முதலில் பதிவதே நல்லது என்பேன். மேற்கத்திய இசையில் தாளத்தின் நடையையும் ஒத்திசையின் அடித்தளத்தையும் பெரும்பாலும் இடக்கையே தாங்குவதால், அது சீராக அமைந்துவிட்டால் வலக்கை அதன் மீது நம்பிக்கையோடு அமரும். மாறாக, வலக்கையின் இராகத்தை, அதாவது முதன்மை மெட்டை, முதலில் பதிந்தால், அதன் இழுப்புக்கும் தளர்வுக்கும் ஏற்ப இடக்கை தடுமாற நேரிடும். மெட்ரோனோமோடு இடத் தடத்தில் இடக்கையைப் பதியுங்கள். பிறகு வலத் தடத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிவுப் பொத்தானை அழுத்தினால், முதல் தடம் ஒலித்துக்கொண்டிருக்க, அதனோடு சேர்த்து வலக்கையை வாசிக்கலாம். இரண்டாவது தடத்தைப் பதியும்போது முதல் தடத்தையே தவறுதலாகத் தேர்ந்தெடுத்துவிடாமல் விளக்கின் நிறத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது அவசியம். இரு கைகளும் ஒருசேர மூச்சுவிட்டு, வேகம் நெகிழ்ந்து செல்ல வேண்டிய உருப்படிகளுக்கு இந்த முறை பொருந்தாது. அவற்றை இரு கைகளாலும் சேர்த்தே பதிய வேண்டும்.

இந்த இரட்டைத் தடத்தின் சிறந்த பயனை மாணவரைவிட ஆசிரியரே உண்டாக்கித் தர முடியும். ஆசிரியர் இரு கைகளையும் தனித்தனித் தடங்களில், மாணவரால் எட்டக்கூடிய மெதுவான வேகத்தில் பதிந்து கொடுத்துவிட்டால், மாணவர் வீட்டில் வலத் தடத்தை அணைத்துவிட்டு ஆசிரியரின் இடக்கையோடு தன் வலக்கையைச் சேர்த்து வாசிக்கலாம். பிறகு மாற்றிச் செய்யலாம். நாலு கை வாசிப்பதற்கான உருப்படிகளில் கீழ்ப்பகுதியைப் பதிந்து வைத்து மேல்பகுதியை வாசிப்பதும் இதே முறைதான். வேகத்தை நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு செல்லலாம் என்பதே மிடி தரும் பெரும் நன்மை.

இனிக் கேட்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதிவதைவிடக் கேட்பதற்கே அதிகத் திறமை தேவை. முதல்முறை கேட்கும்போது இருக்கையை விட்டு எழுந்து, அறையின் மறுகோடியில் நின்று கேளுங்கள். மிடி பதிவில் கருவி தானே வாசிப்பதால், கேட்பவர் அமரும் இடத்திலிருந்து உங்கள் வாசிப்பை நீங்களே கேட்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்கிறது. இராகம் துணைச் சுரங்களுக்கு மேலே எழுந்து நிற்கிறதா, இசைச் சொற்றொடர் முடியும் இடம் தெரிகிறதா என்பவை அங்கேதான் புலப்படும். இசைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாம் முறை கேட்டு, உறுத்திய இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். அந்த இடங்களை மட்டும் மூன்றாவதாக வேகத்தைக் குறைத்துக் கேளுங்கள். ஒரு பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யும் வசதி இருந்தால் இங்கே அது மிகவும் உதவும்.

வேகத்தைக் குறைத்ததும் மூன்று குறைகள் தெளிவாகக் கேட்கத் தொடங்கும். ஸ்கேல் ஓட்டங்களில் கட்டைவிரல் விழும் சுரம் மட்டும் தடித்து ஒலிப்பது ஒன்று. ஒரே நேரத்தில் விழ வேண்டிய கார்டின் (சுரக் கூட்டின்) சுரங்கள் சிதறி விழுவது மற்றொன்று. பெடலை மாற்றும்போது பழைய ஒத்திசையின் மிச்சம் புதியதோடு கலப்பது மூன்றாவது. பெடலின் அசைவும் பதிவில் இருப்பதால், கால் எவ்வளவு பிந்துகிறது என்பதை இங்கே துல்லியமாகக் கேட்டறியலாம். ஆனால் பாதி வேகத்தில் கேட்கும் ஒவ்வொரு சிறு ஏற்றத்தாழ்வும் குறையாகிவிடாது. இயல்பான வேகத்தில் காதுக்கு எட்டாத வேறுபாட்டைத் துரத்திச் சமன்படுத்துவதில் வாசிப்பின் உயிர் போய்விடும். இயல்பான வேகத்தில் உறுத்தியதற்குக் காரணம் தேடவே மெதுவான வேகம்.

ஒலி வகையை மாற்றிக் கேட்பது பலரும் அறியாத ஒரு சோதனை. பியானோ ஒலியில் வாசித்து, பெடல் இல்லாத ஒரு பகுதியை ஆர்கன் ஒலியில் ஒலிக்கச் செய்து பாருங்கள். பியானோவின் சுரம் தானே தேய்ந்து அடங்குவதால், விரலை முன்கூட்டியே எடுத்துவிட்டாலும் இடைவெளி அவ்வளவாகத் தெரியாது. ஆர்கனின் சுரமோ கட்டை அழுந்தியிருக்கும் வரை அதே அளவில் ஒலித்து, விட்டதும் நின்றுவிடும். லெகாடோ (இடைவெளியின்றி இணைத்து வாசிப்பது) என்று நீங்கள் நம்பிய இடத்தில் ஓட்டைகள் இருப்பதும், ஒரு சுரத்தின் மீது அடுத்த சுரம் படிந்து கிடப்பதும் உடனே வெளிப்படும். ஹார்ப்சிகார்ட் ஒலியில் கேட்டால், பல கருவிகளில் அழுத்த வேறுபாடு முற்றிலும் மறைந்து, தாளத்தின் சீர்மை மட்டும் எஞ்சி நிற்கும். வாசிப்பு தாளத்தில் நிற்கிறதா என்று அறிவதற்கு அது போதுமானது.

ஆடியோ பதிவுக்கு நான்கு வழிகள் உள்ளன. கருவியிலேயே பென் டிரைவ் செருகிப் பதியும் வசதி இருந்தால் அதுவே எளியது. பெரும்பாலும் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவைத்தான் கருவி ஏற்கும். பென் டிரைவுக்கான தட்டையான வாயிலுக்கு ‘டு டிவைஸ்’ என்றும், கணினியோடு இணைப்பதற்கான சதுரமான வாயிலுக்கு ‘டு ஹோஸ்ட்’ என்றும் பெயரிட்டிருப்பார்கள். சதுர வாயிலின் வழியாக ஆடியோவையும் அனுப்பும் கருவி என்றால், ஒரே கேபிளில் தூய ஒலியைக் கணினியில் பதியலாம். மிடியை மட்டும் அனுப்பும் கருவிகளும் பல உண்டு என்பதால் கையேட்டைப் பார்க்க வேண்டும். கணினியோடு இணைத்தபின் ஒவ்வொரு சுரமும் இரட்டையாகக் கேட்டால், கணினிக்குச் சென்ற செய்தியோ ஒலியோ கருவிக்கே திரும்பி வருகிறது என்று பொருள். செயலியில், பதிவாவதை உடனுக்குடன் திரும்பக் கேட்கவிடும் மானிட்டர் வசதியை அணைத்தாலோ, கருவியில், கட்டையை அழுத்தியதும் கருவியே நேரடியாக ஒலிக்கச் செய்யும் ‘லோக்கல் கன்ட்ரோல்’ என்பதை அணைத்தாலோ அது தீரும்.

ஒலியை வெளியே அனுப்பும் லைன் அவுட் வாயிலிலிருந்து ரெக்கார்டருக்கோ, ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கோ கம்பி இணைப்பது அடுத்த வழி. அந்த வாயில் இல்லாதபோது ஹெட்ஃபோன் வாயிலையும் பயன்படுத்தலாம். ஆனால் மறுமுனையை மைக் உள்ளீட்டில் செருகினால் ஒலி சிதையும், லைன் உள்ளீட்டிலேயே செருக வேண்டும். உருப்படியிலேயே மிக உரக்க ஒலிக்கும் இடத்தை முதலில் வாசித்து, அளவுமானி மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாதபடி உள்ளீட்டை அமைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய இடத்தைக் கொண்டு அளவை அமைத்தால், உச்சம் வரும் இடத்தில் ஒலி வெட்டுப்படும், பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை. இணைத்ததும் ‘ம்ம்’ என்ற இரைச்சல் கேட்டால், மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் இயக்கிப் பாருங்கள்.

கைபேசியின் மைக்கில் பதிவது எளிது, ஆனால் அது தரும் சித்திரம் முழுமையானதல்ல. மெல்லியதை உயர்த்தி உரத்ததைத் தாழ்த்தும் தானியங்கி அமைப்பு கைபேசியில் இருப்பதால், நீங்கள் உழைத்து உண்டாக்கிய பியானோ (மெல்லிய), ஃபோர்ட்டே (உரத்த) வேறுபாடு பதிவில் சமமாகிவிடும். அந்த அமைப்பை அணைக்க வழிதரும் ஒலிப்பதிவுச் செயலியைத் தேடி நிறுவிக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கட்டைகள் அடிபடும் ‘டொக்’ ஓசை மேலோங்காதபடி ஒரு மீட்டருக்கும் சற்று அப்பால் கைபேசியை வையுங்கள்.

தேர்வுக்காகக் காணொளி அனுப்புபவர்களுக்கு இது முக்கியமானது. 2020 முதல் ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி ஆகிய பிரிட்டிஷ் இசைத் தேர்வு அமைப்புகள் காணொளியைக் கொண்டு மதிப்பிடும் தேர்வுகளையும் நடத்துவதால், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உள்ள மாணவர்கள் வீட்டிலிருந்தே அதில் பங்கேற்க முடிகிறது. ஏபிஆர்எஸ்எம்மின் பெர்ஃபார்மன்ஸ் தேர்வில் நான்கு உருப்படிகளையும் இடையில் நிறுத்தாமல் ஒரே பதிவாக வாசிக்க வேண்டும். தனித்தனியே எடுத்து ஒட்டக்கூடாது. ஹெட்ஃபோன் செருகியபடியே வாசித்துவிட்டால் காணொளியில் கட்டைகளின் ஓசை மட்டுமே இருக்கும் என்பதால், முதலில் அரை நிமிடம் பதிந்து கேட்டுவிட்டுப் பிறகு தொடங்குங்கள். எந்தக் கருவி ஏற்கப்படும், கேமரா எங்கிருந்து பார்க்க வேண்டும் என்பவற்றை அந்த ஆண்டின் பாடத்திட்டத்திலேயே படித்துக்கொள்ள வேண்டும். இத்தேர்வுகளுக்குத் தயாராகும் மாணவர், சில வாரங்களுக்கு முன்பிருந்தே முழு நிகழ்ச்சியையும் நிறுத்தாமல் மிடியில் பதிந்து பழகுவது மிகவும் நல்லது. பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணமே விரல்களை இறுக்குகிறது, அந்த இறுக்கம் பழக்கத்தால் மட்டுமே தளர்கிறது.

பதிவுகளைக் கணினிக்கு மாற்றும்போது ‘எஸ்எம்எஃப்’ எனப்படும் பொதுவான மிடி கோப்பாகவே சேமியுங்கள். நிறுவனத்துக்கே உரிய வடிவில் வைத்தால் வேறு கருவியில் திறக்காமல் போகலாம். கோப்பின் பெயரில் நாள், உருப்படியின் பெயர், வேகம் ஆகிய மூன்றும் இருக்கட்டும். கருவி தானாக இடும் வரிசை எண்களைக் கொண்டு பின்னாளில் எதையும் கண்டுபிடிக்க இயலாது. பிறருக்கு அனுப்ப ஆடியோவாக மாற்றிய பிறகும் மிடி கோப்பை அழிக்க வேண்டாம், நாளை இதைவிடச் சிறந்த பியானோ வாங்கினால் அதே வாசிப்பை அதன் ஒலியில் மீண்டும் கேட்கலாம். மெட்ரோனோமோடு வாசித்திருந்தால், மியூஸ்ஸ்கோர் போன்ற இலவச மென்பொருளில் திறந்து இசைக்குறிப்பாகவும் பார்க்கலாம். மெட்ரோனோம் இல்லாத பதிவு அங்கே படிக்க முடியாத குறிகளின் குவியலாகத்தான் தெரியும்.

கருவியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் முன்போ, விற்கும் முன்போ, தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பும் முன்போ உள்நினைவகத்திலுள்ள பதிவுகளை எல்லாம் கணினிக்கு மாற்றிவிடுங்கள். இயக்கும்போது குறிப்பிட்ட ஒரு கட்டையையோ பொத்தானையோ அழுத்திப் பிடித்தால் ஆரம்ப நிலைக்குத் திரும்பும் கருவிகள் பல உண்டு. அவற்றில் சிலவற்றில் அமைப்புகளோடு பதிவும் சேர்ந்து அழியும். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால், எந்தக் கட்டை அது என்பதைக் கையேட்டில் பார்த்துத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.